வேலியும் பத்து வருச விசாவும்

பத்து வருச விசா முடிய இன்னும் மூன்று மாதம் இருந்தது. மகேந்திரராசாவுக்கு அதற்கு முன்னமே உயிர் போய்விடும் போலிருந்தது.

யாழ்ப்பாணத்தில் பக்கத்துக் காணிக்காரன் வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டுவிட்டான் என்று வழக்காடப் போனவர், நாலு வருசத்தை அதிலே தொலைத்து, வழக்கிலும் தோற்றுப் பாரிசுக்குத் திரும்பியிருந்தார். விமான நிலையத்தில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் போன் கடை வைத்திருக்கும் சேந்தன்தான் குண்டைத் தூக்கிப் போட்டான்.

"அண்ணை, மூண்டு வருசத்துக்கு மேலை வெளியிலை நிண்டால் விசா செத்துப்போகும். புதுப்பிக்கப் போகேக்கை பிடிப்பாங்கள்."

ஒரு முழ மண்ணும் போய், மனைவி பிள்ளை இருக்கிற நாடும் போகப்போகிறது. மனிதர் சோற்றுத் தட்டின் முன்னால் இருந்து அழுதார்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் போகவே இல்லையெண்டு சொல்லுவம்," என்றாள் மனைவி இந்திராதேவி.

அதற்குச் சாட்சி வேண்டும். ஞாயிறு தவறாமல் தன் கடையில்தான் இருந்தார் என்று சேந்தன் எழுதிக் கொடுத்தான். மீன்கடைக்காரரும் அப்படியே எழுதினார். முடிவெட்டுகிறவரும் எழுதினார். நல்ல மனிதர்கள்தான், ஆனால் மூவரும் ஞாயிற்றுக்கிழமையையே பிடித்துக்கொண்டார்கள். ஒரே ஆள் ஒரே நேரத்தில் மூன்று கடையில் இருக்க அவர் என்ன முருகனா?

எல்லாவற்றையும் கிழித்துவிட்டு, நாலு வருசமும் பாரிசுக்கு வெளியே செவ்ரானில் உள்ள தங்கள் வீட்டில் நோயாகப் படுத்திருந்தார் என்று மாற்றினார்கள். கதை ஊரெல்லாம் பரவியது. ஆட்கள் ஆப்பிளும் ஹார்லிக்சுமாக நலம் விசாரிக்க வந்தார்கள். அவர் நொண்டி நடக்கத் தொடங்கினார். நாலு வருசம் படுத்திருந்தவருக்கு ஒரு டாக்டர்கூட இல்லையா என்று மகள் மிருணாளினி பிரெஞ்சில் கேட்டாள்.

அப்போதுதான் பாஸ்போர்ட் நினைவுக்கு வந்தது. எவ்வளவு பொய் சொன்னாலும் அதில் இருக்கும் முத்திரைகள் காட்டிக் கொடுத்துவிடும். அதைத் தொலைத்துவிட்டுப் புதியது எடுப்பதென்று முடிவாயிற்று.

பாரிசிலேயே ஸ்டாலின்கிராட் பக்கத்துக் கால்வாயில் கொண்டுபோய் எறிந்தார். அது மிதந்தது. ஓட்டப் பயிற்சியில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் குச்சியால் இழுத்தெடுத்து, துடைத்து, கையிலேயே கொடுத்தார். மகேந்திரராசா மெர்சி சொல்லி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மறுநாள் இந்திராதேவி அதை மீன் டின்னோடு சேர்த்துக் கட்டித் தானே போட்டுவிட்டு வந்தாள். அது தண்ணீருக்கடியில் தாண்டுபோனது.

இனி விண்ணப்பம் நிரப்ப வேண்டும். மேல் வீட்டு மதலேன் அம்மாதான் கதி. புதுச்சேரிக்காரி, அரசாங்க அலுவலகத்தில் விசாப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியோடு போய் அவரிடம் நோய்க் கதையைப் பாதிவரை சொன்ன மகேந்திரராசாவுக்கு அதற்கு மேல் முடியவில்லை. பொய் சுமந்து களைத்துப்போன மனிதர் வேலி, வழக்கு, நாலு வருசம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கால்வாயை மட்டும் சொல்ல வெட்கமாக இருந்தது.

மதலேன் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு இருவரையும் இரக்கத்தோடு பார்த்தார்.

"இதுக்கா அழுவுறீங்க முசியே? தொடர்ந்து மூணு வருஷம் வெளிநாட்டுல இருந்தாத்தான் தப்பு. நடுவுல பொண்ணு சடங்குக்கு இங்க வந்து ரெண்டு வாரம் தங்குனீங்களே, நான்கூட வந்து சாப்பிட்டேனே. அந்த முத்திரை ஒண்ணே போதும். போய் பாஸ்போர்ட்டை எடுத்துட்டு வாங்க."