கரி தின்ற மீன்கள்

கோரிப்பாளையத்தில் அந்தக் காலத்தில் வயிற்றுவலி என்று வாய் திறந்தவர்களில் கரி தின்னாமல் தப்பித்தவர் ஒருவரும் கிடையாது. காரணம், எங்கள் காம்பவுண்டில் குடியிருந்த கரி கம்பவுண்டர். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். தபால்காரரே அதை மறந்துவிட்டார்.

பக்கத்துத் தெரு டாக்டரிடம் மருந்து கலக்கும் வேலை. அரளி விதையைத் தின்றவர்களுக்கு டாக்டர் ஒரு கறுப்புப் பொடியைக் கரைத்துப் புகட்டுவதைப் பார்த்தவர், உலகத்து நோவுக்கெல்லாம் கரியே மருந்து என்று முடிவுகட்டிவிட்டார். கல்யாணமான புதிதில் நான் அங்கே குடிபோனேன். முதல் நாள் நான் விட்ட ஏப்பம் சுவரைத் தாண்டிக் கேட்டிருக்கிறது. பொட்டலத்தோடு வந்து நின்றார்.

"வாயத் தொறங்க மாப்ள. கரி வெசத்த இழுத்துக்கிரும்."

"அண்ணே, வெறும் ஏப்பம்ணே!"

"எல்லாம் ஏப்பத்துலதான் ஆரம்பிக்கும்."

அவருடைய கரி அவர் வீட்டிலேயே தோற்றது. ஒரே மகன் சேவியர், பள்ளிக்கூடத்துப் பிள்ளை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெருவில் வந்த கண்மாய் மீனை வாங்கி அவர் மனைவி ரோஸ் அக்கா குழம்பு வைத்தார். சாயங்காலமே பையனுக்கு வாந்தி, பேதி. கம்பவுண்டர் கரியைக் கரைத்துக் கரைத்துக் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிள்ளை திரும்பி வரவில்லை.

மீன்தான் காரணமா என்று டாக்டருக்கே நிச்சயமில்லை. அக்காவுக்கு நிச்சயமாக இருந்தது. "எங்கையால ஊட்டித்தானே கொன்னேன்" என்று மீன் சட்டியை வாசலில் போட்டு உடைத்தார். பிறகு அந்த வீட்டில் மீன் இல்லை, பேச்சும் அதிகமில்லை. கஞ்சி வைத்தால்கூட, கணவருக்கு ஊற்றுமுன் அக்கா இரண்டு தடவை மோந்து பார்ப்பார்.

கம்பவுண்டர் அழுததை நான் பார்க்கவில்லை. ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மனுசன் வயித்துக்குப் போனப்பறம் கரி குடுத்தா லேட்டு மாப்ள. மீனு வயித்துலயே குடுத்துறணும். வெசமே இல்லாத மீனு வளக்கப் போறேன். அவ பயப்படாம ஒருக்கா கொழம்பு வைக்கணும். அம்புட்டுதான்."

அவனியாபுரத்துக்குத் தெற்கே அவருடைய மச்சானுக்கு ஒரு நிலம். செங்கலுக்கு மண் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நின்றது. அதில் கெண்டைக் குஞ்சுகளை விட்டார். தேங்காய்ச் சிரட்டையை மூடிய டிரம்மில் சுட்டுக் கரியாக்கி, நீராவி காட்டி, இடித்துச் சலித்து, தவிட்டோடும் கடலைப் புண்ணாக்கோடும் பிசைந்து உருட்டினார். இவ்வளவும் எங்கள் காம்பவுண்டு முற்றத்தில். என் மனைவி காயப்போட்ட வெள்ளை வேட்டிகள் துக்க வீட்டுக் கறுப்புக் கொடிகளாக மாறின. உருண்டை மூட்டையோடு சைக்கிளில் போகும்போது கம்பவுண்டராக இருப்பார். வரும்போது ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளுகிறவரைப் போலிருப்பார்.

"என்ன கம்பவுண்டரே, மீனுக்குப் பல்லு வெளக்கி விடுறீங்களா?" என்று வழியில் கேட்பார்கள். "நல்லா வெளக்குதுகண்ணே" என்று மிதித்துக்கொண்டே போவார்.

மீன் நன்றாகவே வளர்ந்தது. வலை போடும் நாளில் காம்பவுண்டையே அழைத்தார். ரோஸ் அக்காவும் வந்து, தள்ளி, ஒரு கருவேல மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். தகதகவென்று கெண்டைகள் கரையில் துள்ளின. வாங்க வந்திருந்த மீன் வியாபாரியிடம் காட்ட மச்சான் ஒன்றை அறுத்தார். குடல் முழுக்கக் கன்னங்கரேல் என்று இருந்தது.

பிடிப்பதற்கு முன் மீனைப் பட்டினி போட்டுக் குடலைக் காலியாக்க வேண்டுமாம். இவர் காலையில்தான் பிரியமாக ஊட்டிவிட்டு வந்திருந்தார்.

"நோவு விழுந்த மீனுண்ணே. எவன் வாங்குவான்?" வியாபாரி கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கூட்டமும் பின்வாங்கியது.

"கரிதாங்க! ஒண்ணும் பண்ணாதுங்க!" கம்பவுண்டர் தீவன உருண்டையை எடுத்துத் தன் வாயிலேயே போட்டு மென்றார். உதடெல்லாம் கறுப்பு ஒழுக, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன், பிறகு முடியவில்லை.

அக்கா எழுந்து வந்தார். யாரையும் பார்க்கவில்லை. ஒரு பெரிய கெண்டையைப் பைக்குள் போட்டார். முந்தானையால் கணவரின் வாயைத் துடைத்தார்.

"வாங்க, வீட்டுக்குப் போவோம்."

அன்று மத்தியானம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து மீன் சட்டி கேட்டார். என் மனைவி கழுவி எடுத்துக் கொடுத்தாள். குழம்பு கொதித்த வாடைக்கு அடுத்தடுத்த வீட்டுப் பெண்களெல்லாம் வந்து வாசலில் நின்றார்கள். கம்பவுண்டர் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"நீங்க தொடாதீங்க. மொதல்ல நான்."

அவருக்கு முன்னால் ஒருநாளும் சாப்பிடாத அக்கா, அன்றைக்குத் தானே முதலில் பிசைந்து வாயில் வைத்தார். கண்ணீர் வழிய வழிய மென்றார்.

"போதும் ரோசு. ஒனக்கு ஒண்ணுன்னா எனக்கு மட்டும் இங்க என்ன இருக்கு?" அவரும் சட்டிக்குள் கையை விட்டார்.

அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டார். கரண்டியால் துழாவி, முள் இல்லாத வயிற்றுத் துண்டாகப் பார்த்து எடுத்தார். அது சேவியருக்கென்று எப்போதும் எடுத்து வைத்த துண்டு. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், கணவரின் தட்டில் வைத்தார்.

கரி விஷத்தை இழுக்குமோ இழுக்காதோ, எனக்கு இன்றும் தெரியாது. எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் இல்லை. யாராவது கேட்டால் மட்டும், வாயெல்லாம் கரியாக ஒருவர் இருந்தார் என்று சொல்லத் தோன்றுகிறது.