இருக்கை நல முகாம்

மனிதராய்ப் பிறந்த ஒவ்வொருவருக்கும் மலக்குடல் என்று ஒன்று உண்டு என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை. ஆனால் குன்னத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் அந்த உண்மை ஏகமனதாகத் தள்ளுபடி ஆனது. நானும் அங்கதான் இருந்தேன். ஓட்டுப் போடல, மைக்செட் போட்டேன்.

சாமிதுரை சவுண்ட் சர்வீஸ்னா எங்க பக்கம் தெரியாத ஆள் கிடையாது. காதுகுத்து, கட்சிக் கூட்டம், கருமாதி எல்லாத்துக்கும் நம்ம குழாய் ஸ்பீக்கர்தான், நம்ம பிளாஸ்டிக் சேர்தான். கொஞ்ச நாளா உட்கார்ந்து வேலை பாக்குறத மட்டும் விட்டுட்டேன். நின்னுக்கிட்டே ஆம்ப்ளிபயர் பாக்குறது ஒரு கம்பீரம்னு வச்சுக்குங்க.

கதைக்கு வரேன். திருச்சியில மணிமொழின்னு ஒரு டாக்டரம்மா. மலக்குடல் புத்துநோயைச் சீக்கிரமே கண்டுபிடிக்கிறது எப்படி, எந்த வைத்தியத்தை முன்னாடி குடுக்கணும், எதைப் பின்னாடி குடுக்கணும்னு ஆராய்ச்சி பண்றவங்க. நம்ம ஊரு ஆளுங்க, ரத்தம் போனா "மூலம்"னு சொல்லிட்டுக் கருணைக்கிழங்கு வாங்கப் போயிடுவாங்க. கட்டி முத்தினப்புறம்தான் ஆஸ்பத்திரி. அதனால கிராமத்துலயே முகாம் போட்டு, விரல் விட்டுச் சோதிச்சுப் பாக்கலாம்னு அந்தம்மா நெனச்சாங்க. நல்ல நெனப்புதான். ஆனா அதை இரு மாவட்ட நலவாழ்வு மேம்பாட்டுக் குழுகிட்ட போயிச் சொன்னாங்க பாருங்க!

குழுவோட ஒருங்கிணைப்பாளர் அரங்கநாதன் சாருக்கு நெத்தி சுருங்கிடுச்சு.

"டாக்டர், தங்கள் ஆய்வு போற்றுதலுக்குரியது. ஆனா விருந்தினர் மேடையில இருக்கும்போது ஒலிபெருக்கியில 'மலம்'னு வரலாமா?"

"சார், மலக்குடலை வேற எப்படி சார் சொல்றது?"

"கீழ்க்குடல்?" என்றார் ஒரு உறுப்பினர்.

"கீழ்னு சொன்னா யாரையோ சொல்றோம்னு மனு வரும்."

"கடைக்குடல்?"

"கறிக்கடைக் குடல்னு நெனச்சு தூக்குவாளியோட வந்துருவாங்க."

ஒரு மணி நேரம் தமிழுக்கும் உடம்புக்கும் நடந்த அந்தப் போராட்டத்துல தமிழ் ஜெயிச்சது. அரங்கநாதன் சார் கண்ணை மூடி, திறந்து, அறிவித்தார்: "இருக்கைப் பகுதி."

கைதட்டல். 'புற்று' அமங்கலம், எடுத்தாச்சு. 'ரத்தம்' பீதியைக் கிளப்பும், 'சிவப்பு' ஆக்கியாச்சு. 'விரல்' வந்தப்ப ரெண்டு உறுப்பினர் எழுந்து டீ குடிக்கப் போயிட்டாங்க, அதனால விரலும் போச்சு. கடைசியில என் கையில குடுத்த வாசகம் இதுதான்:

"உங்கள் இருக்கையில் சிவப்பு தென்படுகிறதா? தயங்காமல் வருக! இருக்கை நல முகாம்!"

ஆட்டோவுல குழாயைக் கட்டிக்கிட்டு ஊர் ஊராக் கத்தினேன். எனக்கே புரியல. புரிஞ்சாத்தான் கத்தணும்னு இருந்தா மைக்செட் தொழிலே நடக்காதே.

முகாம் அன்னைக்குக் கூட்டம்னா கூட்டம், அப்படியொரு கூட்டம். ஆனா ஒருத்தரும் உடம்பைக் கொண்டுவரல. ஒருத்தர் கால் ஒடஞ்ச நாற்காலியைத் தலையில தூக்கிக்கிட்டு வந்தாரு. டிராக்டர்காரர் சீட்டைக் கழட்டி எடுத்தாந்தாரு, கிழிசல் வழியா உள்ள செவப்புப் பஞ்சு தெரியுதாம். கட்சிக்காரங்க நாலு பேரு சால்வையோட வந்து, "சீட்டு குடுக்குறாங்களாமே, எந்தத் தொகுதிங்க?"ன்னு என்னையே தனியாக் கூப்பிட்டு விசாரிச்சாங்க.

டாக்டரம்மா துணி மறைப்புக்குள்ள கையுறையைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. உள்ள ஒரு ஈ போகல.

"சார், இவங்க எல்லாரும் நாற்காலிக்கு வந்திருக்காங்க" என்றார் டாக்டரம்மா.

"மக்கள் எதிர்பார்ப்பை நிறைவேற்றுவதே நிர்வாகம்" என்றார் அரங்கநாதன் சார். அடுத்த நிமிஷம் என் வாடகைச் சேரையெல்லாம் தூக்கிப் பயனாளிகளுக்கு வழங்க ஆரம்பிச்சுட்டாரு! போட்டோ வேற.

"சார், அது என் சேருங்க!"

"சாமிதுரை, வரலாறு உன்னை நினைவுகூரும்."

வரலாறா வந்து எனக்குச் சேர் வாங்கிக் குடுக்கும்? வயித்தெரிச்சலோட நிக்கிறேன், அப்பதான் என் தங்கச்சி ராசாத்தி வந்தா. கூடவே அவ வூட்டுக்காரரு, எங்க மச்சான் அய்யாக்கண்ணு. வெங்காயக் காடு வச்சிருக்காரு. போன விதைப்புப் பட்டத்துலேருந்து மனுஷனுக்கு ரத்தம் போகுது. தெருவே வைத்தியம் சொல்லுச்சு. துத்தி இலை, கருணைக்கிழங்கு, கோழிக்கறி கூடாது, எல்லாம் பாத்தாச்சு. ஆளு பாதியா எளச்சுட்டாரு. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா, "அங்கெல்லாம் போயி எதைக் காட்டுறது?"ன்னு கயித்துக் கட்டிலை விட்டு எறங்க மாட்டாரு. "சும்மா சேர் தராங்களாம்"னு பொய் சொல்லித்தான் ராசாத்தி கூட்டியாந்திருந்தா. அதனால இருக்கைங்கிற வார்த்தை ஒரு ஆளுக்காவது உதவிச்சுன்னு ஒத்துக்கணும்.

அரங்கநாதன் சார் மச்சான் கையில ஒரு செவப்புச் சேரைக் குடுத்து, "உட்காருங்க, போட்டோ எடுப்போம்" என்றார்.

"வேணாங்க. நிக்கிறேங்க."

"உட்கார்ந்தாதான் பயனாளி!"

மச்சான் ஒரு பக்கமாச் சாஞ்சு மெதுவா உட்கார்ந்தாரு. மூஞ்சி கோணிப் போச்சு. ராசாத்தி அதைப் பாத்துட்டா. என் கையிலேருந்து மைக்கைப் பிடுங்கிட்டா.

"யோவ்! எம் புருஷனுக்குக் குண்டியில ரத்தம் வருதுய்யா! சேரை வச்சு நான் என்ன பண்றது?"

குழாய் வேப்பமரத்து உச்சியில. ஊரே கேட்டுச்சு. மேடையில இருந்த விருந்தினர் கையில சால்வை அப்படியே நின்னுச்சு. அரங்கநாதன் சார் காதைப் பொத்தினார்.

துணி மறைப்பை விலக்கிக்கிட்டு டாக்டரம்மா ஓடி வந்தாங்க. "அண்ணா, உள்ள வாங்க. ஒரு நிமிஷ வேலை."

மச்சான் என்னைப் பாத்தாரு. போங்க மச்சான்னேன். ராசாத்தி மைக்கை மறைப்பு ஓரமா இருந்த டாக்டர் மேசையில வச்சுட்டு மறைப்புக்கு வெளியவே நின்னா, உதட்டைக் கடிச்சுக்கிட்டு.

டாக்டரம்மா வெளிய வந்து ராசாத்தி கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "மூலம் இல்லம்மா. உள்ள ஒரு கட்டி தட்டுப்படுது. சதை எடுத்துச் சோதிச்சுப் பாக்கணும், ஸ்கேன் எடுக்கணும். அதுவாவே இருந்தாக்கூட கதிர்வீச்சுக் கரண்டு வச்சு, மருந்து குடுத்து, கட்டியைச் சுருக்கி ஆபரேஷன் பண்ணலாம். நாளைக்கே திருச்சிக்கு வாங்க. தள்ளிப் போட்டுராதீங்க."

ராசாத்தி அழுதா. மச்சான் வேட்டியைக் கட்டிக்கிட்டே, "இவ்ளோதானா? இதுக்கா இத்தினி நாளு கருணைக்கிழங்கு தின்னேன்?" என்றார்.

அவங்க போனதும் அரங்கநாதன் சார் நைசா மறைப்புப் பக்கம் ஒதுங்குனாரு. மேசையில மைக்கு இருந்ததை அவரு கவனிக்கல. நான் கவனிச்சேன். ஆனா என் சேரெல்லாம் போயிருந்துச்சு பாருங்க, கை சுவிட்சுப் பக்கம் போகவே இல்ல.

"டாக்டர், ஒரு பொது அறிவுக்காகக் கேக்குறேன்." வேப்பமரம் பேசுச்சு. "ஒருத்தருக்குக் காலையில... ஒரு வருஷமா... சிவப்பு..."

"யாருக்கு சார்?"

"என் நண்பருக்கு."

"சரி. உங்க நண்பரைப் பேன்டைக் கழட்டிட்டு ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லுங்க."

ஊரு சிரிக்கும்னு நெனச்சேன். ஒரு ஆளு சிரிக்கல. சேரைக் கையில வச்சிருந்தவங்க ஒவ்வொருத்தரா அதைக் கீழ வச்சுட்டு மறைப்பு முன்னாடி வந்து நின்னாங்க. டிராக்டர்காரர் பங்காளிக்காக வந்தாரு. கட்சிக்காரங்க நாலு பேரும் தலைவருக்காக வந்தாங்க. தனக்காக நின்னவன் ஒருத்தன் இல்ல. சாயங்காலம் வரைக்கும் டாக்டரம்மா கையுறை மாத்திக்கிட்டே இருந்தாங்க.

குழு தன் அறிக்கையை முறைப்படி வெளியிட்டது: "முகாமில் பங்கேற்றோர் அனைவரும் பூரண நலம். அவர்தம் நண்பர்களின் நிலைதான் கவலைக்கிடம்."

மச்சானுக்கு அது புத்துநோய்தான். ஆனா முத்தல. கரண்டு வச்சாங்க, ஆபரேஷன் ஆச்சு, இப்ப மறுபடி வெங்காயக் காட்டுல நின்னு கூலியாளுகளை ஏசிக்கிட்டிருக்காரு. போன வாரம் பாக்கப் போயிருந்தேன். ராசாத்தி காபி கொண்டாந்தா. உட்காருன்னா. இல்ல, நிக்கிறேன்னேன். ஏற இறங்கப் பாத்தா.

"அண்ணே, அன்னைக்கு நீ காட்டுனியா?"

"எனக்கென்ன? நல்லாத்தான் இருக்கேன். கூட ஒரு நண்பன் இருக்கான், அவனுக்குத்தான் கொஞ்ச நாளா..."

ராசாத்தி டம்ளரை ணங்குன்னு கீழ வச்சா.

"அந்த நண்பனை நாளைக்கே திருச்சிக்குக் கூட்டிக்கிட்டுப் போ. அவன் குண்டி உன் வேட்டிக்குள்ளதான இருக்கு?"