முதல்ல உமக்க காலைக் காட்டும்

மனிதர்களுக்கு முகம் என்று ஒன்று இருப்பதையே அறியாமல் வாழ்ந்தவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான், எங்கள் அஞ்சல்பிள்ளை. திருவிதாங்கூர் அஞ்சலில் கடிதம் கொண்டு கொடுப்பவர் எந்த ஜாதியானாலும் அஞ்சல்பிள்ளைதான். அது உத்தியோகப் பெயர். கருங்கல் ஊரிலிருந்து கடியப்பட்டணம் கடற்கரை வரை கல்லும் முள்ளும் பார்த்துக் குனிந்தே நடந்ததில், ஊரையெல்லாம் அவருக்குக் காலால்தான் தெரியும். பாதி திறந்த கதவுக்குப் பின்னால் நிற்கிற காலைப் பார்த்தே, "கடுதாசி உனக்கில்லே பிள்ளே, உனக்க அம்மைக்கு" என்பார். தப்பியதே இல்லை.

அவருடைய சொந்தக் காலோ பார்க்கச் சகிக்காது. வலது பெருவிரல், பக்கத்து விரலின் காதில் ரகசியம் சொல்கிறாற்போலச் சாய்ந்து கிடக்கும். அதன் மூட்டில் எலும்பு எலுமிச்சங்காய் கணக்காகப் புடைத்திருக்கும். அந்தப் புடைப்பு வெளியே எட்டிப் பார்க்கட்டும் என்று செருப்பில் தனியாக ஒரு ஜன்னல் வெட்டி வைத்திருந்தார். ஒரு மழைக்காலத்தில் புடைப்பின்மேல் புண் கண்டது. ஆறவில்லை.

நான் அப்போது அஞ்சலாபீசில் புதுக் குமாஸ்தா. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள்.

"மக்கா, நீ இங்கிலீஷ் படிச்சவனாக்கும். வைத்தியம்மாரு கள்ளம் பறஞ்சா உனக்குத் தெரியும். கூட வா" என்றார்.

நடக்காத அஞ்சல்பிள்ளையை எந்த சர்க்கார் வைத்துக்கொள்ளும்? கால் போனால் வேலையும் போயிற்று. ஆகவே போனேன். போன பிறகுதான் அவருடைய கொள்கை தெரிந்தது.

முதலில் கருங்கல்லில் எலும்பும் நரம்பும் பார்க்கிற ஆசான். எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, "காலை நீட்டும்" என்றார்.

"முதல்ல உமக்க காலைக் காட்டும்" என்றார் பிள்ளை.

ஆசான் திகைத்துப்போய்க் காட்டினார். குதிகால் முழுக்கப் பித்தவெடிப்பு, கோடையில் வறண்ட குளம் மாதிரி.

"சொந்தக் காலையே நேராக்கத் தெரியாதவரு எனக்க காலை என்ன செய்யப்போறீரு? மக்கா, எழும்பு."

சரி, நல்ல கால் உள்ளவராகப் பார்ப்போம் என்று நானே விசாரித்து வேறொரு வைத்தியரிடம் கூட்டிப்போனேன். பிறந்த பிள்ளையின் பாதம் தோற்றுவிடும், அப்படி ஒரு பாதம். பிள்ளை தடவிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இது நடந்த காலா மக்கா? தலவாணி மேல வளந்த காலு. வலி என்னான்னு இதுக்கு அறியாது."

மூன்றாமவர் ஒரு காலைக் காட்டினார். "மத்தது?" என்றார் பிள்ளை. அவர் மருந்து இடிக்கிற உலக்கையோடு எழுந்தார். புண்காலோடும் பிள்ளை என்னை முந்துவார் என்று அன்றுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, காலுக்கு மாப்பிள்ளையா பாக்குதிய? எனக்க மவளுக்கும் இந்த மனுசன் இப்படித்தான் பாத்தாரு. நல்ல காலு, நல்ல காலுன்னு கெட்டிக் குடுத்தாரு. அந்த நல்ல காலு ரெண்டும் கொழும்புக்கு நடந்து போச்சுது. இன்னும் திரும்பல்ல."

"அவனுக்க காலுல குத்தம் சொல்லாதே. மனசுலதான் கேடு" என்றார் பிள்ளை.

அப்படியே நாள் போயிற்று. ஆபீசில் மற்றவர்கள் ஒவ்வொருவராக ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்காரத் தொடங்கினார்கள். பிள்ளை புண்ணின்மேல் புகையிலையை வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். நாற்றம் அதற்கெல்லாம் அடங்கவில்லை. ஒரு நாள் கட்டைப் பிரித்து, கறுத்திருந்த விரலை நகத்தால் கிள்ளிக் காட்டினார்.

"பாத்தியா மக்கா, இப்பம் வலியே இல்லே. சுகமாவுது."

மறுநாள் அவரை வண்டியில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

டாக்டர் பூட்ஸ் போட்டிருந்தார். பிள்ளை என் இடுப்பில் இடித்தார். "இங்கிலீஷ்ல கேளு." டாக்டரிடம் காலைக் காட்டச் சொல்வது எப்படி என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. கடைசியில் தமிழிலேயே சொன்னேன்.

டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குனிந்து, கயிற்றை அவிழ்த்து, பூட்ஸையும் காலுறையையும் கழற்றினார். பெருவிரல் சாய்ந்து கிடந்தது. அதே சாய்வு, அதே எலுமிச்சங்காய்.

"எங்க அப்பாவுக்கும் இப்படித்தான்" என்றார்.

பிள்ளை அந்தக் காலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை. "இவருதான் மக்கா. இவருக்குத் தெரியும்." தன் கட்டைத் தானே பிரித்து நீட்டினார்.

டாக்டர் நெடுநேரம் பார்த்தார். சிறுநீரைச் சோதித்தார். "சர்க்கரை நிறைய இருக்கு. காலிலே ரத்தமே ஓடல்லே. கணுக்காலுக்கு மேலே எடுக்கணும். மழைக்காலத்திலேயே வந்திருந்தா விரலோட போயிருக்கும்."

"எடுத்தா நடக்கலாமா?"

"கம்பு ஊன்றி வீட்டுக்குள்ளே நடக்கலாம்."

"கடியப்பட்டணத்துக்கு?"

டாக்டர் குனிந்து தன் காலுறையை மாட்டிக்கொண்டார்.

காலை எடுத்தார்கள். பிள்ளையின் அஞ்சல் பையை வேறொருவர் தோளில் போட்டுக்கொண்டார். பிள்ளை வீட்டு வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிற கால்களுக்குக் குற்றம் குறை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"மக்கா, உனக்க எடது பெருவிரலு சாயத் தொடங்கியிருக்கு. வைத்தியனைப் பாரு."

"யாரைப் பாக்க அண்ணாச்சி?"

"முதல்ல கிட்டுதவனைப் பாரு." கம்பால் மண்ணைக் கீறினார். "அவனுக்க காலொண்ணும் பாக்காண்டாம்."

மாசி மாதத்துக் கும்பப்பூ நெல் அறுப்புக்குள் மற்றக் காலிலும் கறுப்பு ஏறி, பிள்ளை போய்ச் சேர்ந்தார்.

போன மாதம் வைத்தியரிடம் போனேன். பிள்ளை சொன்னபடியே, முதலில் கிடைத்தவரிடம். "காலை நீட்டும்" என்றார் வைத்தியர். நீட்டுமுன் சற்றே குனிந்து, மேஜைக்கு அடியில் அவர் காலைப் பார்த்துக்கொண்டேன். எனக்காக இல்லை.