ஜப்பான்காரிக்கு வைத்த பொட்டு

வெள்ளவத்தை,
ஆடி வெள்ளி, பின்னேரம்.

கலிபோர்னியாவில் ஓட்டுநர் இல்லாத கார்களுக்குக் கண் கொடுக்கும் திருப்பணியில் இருக்கும் மதிப்புக்குரிய சித்தப்பா அவர்களுக்கு, கொழும்பில் கார் கிடைக்காத ஓட்டுநராகிய தங்கள் பெறாமகன் தேனுஜன் பணிவோடு எழுதிக்கொள்வது.

இங்கு அப்பா சுகம். அம்மா சுகம். மெல்பேர்னில் உஷாந்தி அக்காவும் சுகமாம். எங்கள் கார் மிகமிகச் சுகம். நேற்றும் குளித்து மெழுகு பூசிக்கொண்டது. என் சுகத்தை விசாரிக்க வீட்டில் ஆள் இல்லாதபடியால் நானே விசாரித்துப் பார்த்தேன், பரவாயில்லை என்று பதில் வந்தது. தாங்களும் சித்தியும் தம்பி ஆரணும் நலமாக இருக்க எங்கள் ஃபிரிட்ஜுக்கு மேலே இருக்கும் பிள்ளையார் அருள் புரிவாராக. குடும்ப வட்ஸ்அப் குழுவில் எழுதினால் அப்பா பார்ப்பார். தபாலில் போட்டால் கடிதம் வர முதல் நீங்கள் செய்கிற கார் இங்கே வந்துவிடும். ஆகவே ஈமெயில்.

விடயத்துக்கு வருகிறேன். சித்திரையில் ஒரு ஞாயிறு, வீடியோ கோலில் நீங்கள் ஒரு வசனம் சொன்னீர்கள். உங்களுக்கு அது விடியற்காலைக் கோப்பியோடு போன வசனம், எனக்கு அது தீர்ப்பு. அப்பா பெருமையாக, "தேனுஜன் எழுத்துச் சோதனை பாஸ், வாற ஞாயிறு துடங்கிக் கார் பழக்கப்போறன்" என்று சொல்ல, நீங்கள், "என்னத்துக்கு அண்ணா மினக்கெடுறியள்? இன்னும் கொஞ்சக் காலத்திலை கார் தானே ஓடும், இவன்ரை வயசுப் பிள்ளையளுக்கு உது தேவையே இல்லை" என்றீர்கள். அப்பாவின் சங்கதி தெரியும்தானே. இங்கே பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் மழையையும் நம்பமாட்டார். கலிபோர்னியாவிலிருந்து தம்பி சொன்னால் மழைக்குள் நின்று குடையை மடக்குவார். அடுத்த ஞாயிறு விடிய நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிற்கிறேன், அவர் பேப்பர் வாசிக்கிறார். "அப்பா, பழக்கிறன் எண்டனீங்கள்?" "என்னத்துக்கடா? கார் தானே ஓடுமாம். சித்தப்பா சொன்னவன்." அவ்வளவுதான். ஆசையாக வாங்கின எல் போர்ட் இன்றைக்குக் குசினியில் அரிசி வாளிக்கு மூடி.

அக்காவுக்கு இப்படி நடந்ததா? அவ பழகின காலத்தில் கார் தானே ஓடாது, தள்ளினால்தான் ஓடும். அந்தப் பழைய சிவப்புக் காரில் அப்பாவும் அவவும் ஞாயிறு தவறாமல் விடிய வெளிக்கிட்டு மரைன் டிரைவில் ரயிலோடு போட்டி போட்டு, ரயிலிடம் தோற்று, கையில் சுடச்சுட மீன் பணிஸோடு சிரித்துச் சிரித்துப் படியேறி வருவார்கள். பல்கனியில் நின்று பார்க்கிற நான், "என்ன பகிடி?" என்று கேட்டால், "அது காருக்குள்ளை நடந்தது, உனக்கு விளங்காது" என்பார்கள். சரி, என் முறை வரும் என்று பொறுத்திருந்தேன். முறையும் வந்தது, கூடவே எதிர்காலமும் வந்துவிட்டது.

எதிர்காலம் ஜப்பானிலிருந்து கப்பலில் வந்தது. வாகன இறக்குமதி திறந்த கையோடு அப்பா சிவப்பை விற்று ஒரு ரீகண்டிஷன் ஹைபிரிட் வாங்கினார். அது நீங்கள் செய்கிறதைப்போல முழுதாகத் தானே ஓடாது. ஓடுகிறவரை விடாமல் திருத்தும். முன்னால் ஏதும் நின்றால் தானே பிறேக் பிடிக்கும், கோட்டை விட்டு விலகினால் ஸ்டியரிங்கை நடுங்கவைக்கும், முன்வாகனம் வெளிக்கிட்ட பிறகும் சும்மா நின்றால் "டிங்" என்று ஞாபகப்படுத்தும். சுருக்கமாக, இவ்வளவு காலமும் அம்மா பக்கத்து சீட்டில் இருந்து செய்த வேலை. வித்தியாசம் என்னவென்றால் இது ஜப்பான் மொழியில் ஒரு பெண்குரலில் சொல்லும், அப்பாவும் கேட்பார். அன்றிலிருந்து வீட்டில் ஒரே துதி. "பாத்தியே, நான் நினைக்க முந்தி நிக்கிறாள். உன்னை நாலுதரம் கூப்பிட்டால்தான் ஒருக்காத் திரும்புவாய்." "அவளுக்குப் பின்னாலையும் கண். உனக்கு முன்னாலை கிடக்கிற புத்தகமே தெரியாது." "கோடு தாண்டமாட்டாள், நல்ல வளர்ப்பு." சித்தப்பா, நானும் இந்த வீட்டு வளர்ப்புத்தானே? நேற்று வந்தவளுக்கு வெயில் படாமல் போர்வை, எனக்கு வேகம் குறைந்த ஃபேன். உங்கள் கார்கள் ரோட்டில் நடக்கிற மனிசரை அடையாளம் கண்டு நிற்குமாம். இஞ்சை நான் நடந்து திரியிறதை ஒருத்தரும் அடையாளம் காணுகினமில்லை. அம்மாவே ஒருநாள் தாங்கமுடியாமல், "உவளோடை கதைக்கிற வடிவிலை என்னோடை ஒருக்காக் கதைச்சிருப்பியளே?" என்று கேட்டுவிட்டா.

அதனால்தான் நான் ஒரு சின்ன வேலை பார்த்தேன். காரை ஸ்டார்ட் பண்ணினவுடன் அவள் ஒவ்வொரு நாளும் ஒரு வசனம் சொல்லுவாள். "தம்பி, என்னவாம்?" என்று அப்பா கேட்டார். நான் கார்ட்டூன் பார்த்துப் பார்த்து ஜப்பான் மொழியைக் கரைத்துக் குடித்தவன் என்பது அவருடைய நம்பிக்கை. எனக்குத் தெரிந்தது நன்றி, வணக்கம், "சாகத் தயாரா" என்ற மூன்றுதான். வலிய வந்த பதவியை விடுவேனா? "வணக்கம் ஐயா, இன்றும் தங்கள் சேவையில்" என்றேன். அப்பா பூரித்துப்போய், "வணக்கம் பிள்ளை" என்றார். அடுத்த கிழமை கொஞ்சம் நீட்டினேன்: "பின்சீட்டில் இருக்கும் இளைஞர் யார், முகத்தில் நல்ல களை." அதற்கடுத்த கிழமை: "இவருக்கும் ஸ்டியரிங் பழக்கினால் என் பாரம் குறையும்." அப்பா கண்ணாடியால் பார்த்தார். "அவ்வளவு நீட்டுக்கு அவள் கதைக்கேல்லையே?" "ஜப்பான் பாஷை சுருக்கமானது அப்பா." நம்பினார், ஆனால் பழக்கவில்லை. இந்த நேரம் பார்த்து உங்கள் ஆரண் ஒரு வீடியோ அனுப்புகிறான்: சான் பிரான்சிஸ்கோவில் ஆளில்லா டாக்சி, பின்சீட்டில் இவர் தலைக்குப் பின்னால் இரண்டு கையும் கட்டி, முன்னால் ஸ்டியரிங் பேய் பிடித்த மாதிரித் தானே சுற்றுது. "எங்கடை பஸ்சிலையும் டிரைவர் சீட்டிலை ஆள் இருக்காது, அவர் யன்னலாலை பாதி வெளியிலை நிண்டு முன்பஸ்காரனோடை சண்டை பிடிக்கேக்கை" என்று பதில் போட்டேன். போட்டனே தவிர, அன்றைக்கு என் வயிறு எரிந்த எரிச்சலில் ஒரு பற்றரி முழுச் சார்ஜ் ஏறியிருக்கும்.

இனி இன்றைய கதை. ஆடி வெள்ளி எண்டு மூன்று பேரும் அம்மன் கோயிலுக்குப் போனோம். கும்பிட்டு வந்து அம்மா காருக்கு முன்னால் நின்று யோசித்தா. "என்னதான் இருந்தாலும் ஒரு பொம்பிளை, வெள்ளிக்கிழமையிலை பொட்டில்லாமல் வெளிக்கிடுறதே?" என்று சொல்லி, சந்தனத்தைக் குழைத்து, முன்கண்ணாடியின் மேல்நடுவில், உள்ளுக்குள் ஒரு கறுப்புப் பெட்டி தெரிகிற இடம்தான் நெற்றி என்று தீர்மானித்து, பெருவிரலால் ஒரு அப்பு. அதுக்கு மேலே குங்குமம். உங்களுக்கு இப்பவே விளங்கியிருக்கும், அந்தக் கறுப்புப் பெட்டிதான் அவளின் கமரா. கண்ணூறு படக்கூடாதெண்டு கண்ணையே மூடிப்போட்டா. எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் உடனே சொல்லியிருப்பேன் என்று எழுத வேண்டும்தானே, எழுதிவிட்டேன்.

காலி வீதிக்கு ஏறினவுடன் காருக்குள் ஒரு மஞ்சள் லைட், ஒரு புதுச் சத்தம், ஸ்கிரீனில் நீட்டுக்கு ஜப்பான் எழுத்து. "தம்பி, என்னவாம்?" வாயில் வந்ததைச் சொன்னேன்: "உங்களோடை கோவமாம் அப்பா." "ஏன், அவர் என்ன செய்தவர்?" என்று அம்மா கேட்க, முன்னால் போன ஓட்டோ ஒரு ஆளை ஏத்தச் சடாரென்று நின்றது. அப்பா பிறேக்கில் கால் வைக்கவில்லை. அவள் வைப்பாள் என்று கால் சும்மா இருந்தது. அவளுக்கோ கண் தெரியவில்லை. ஓட்டோவின் பின்பக்கம் எங்கள் கண்ணாடி முழுக்கப் பெருக்குது, "ஐயோ, பிறேக்!" என்று அம்மா கத்தின கத்தில்தான் அப்பாவின் கால் நித்திரையால் எழும்பினது. ஒரு கையளவு இடைவெளியில் நின்றோம். ஓட்டோக்காரன் திரும்பிப் பார்த்து, "மொகத அங்கள், நிதித?" என்றான். நித்திரையா என்று கேட்கிறான், முப்பது வருஷம் ஓடின மனிசனை! அதுக்குப் பிறகு ஓட்டோ போய்விட்டது, பின்னால் வெள்ளவத்தை முழுக்க ஹோர்ன் அடிக்குது, அப்பா அசையவில்லை. "ஏன் நிக்கிறியள்?" "அவள் இன்னும் டிங் அடிக்கேல்லை."

அந்த நேரம் கீழ் மாடி ஷிஹான் நானா மோட்டர்சைக்கிளில் வந்து யன்னலைத் தட்டினார். ஜப்பானில் கார் யார்டில் கனகாலம் வேலை செய்தவர். ஸ்கிரீனை எட்டிப் பார்த்துச் சிரித்தார். "யோகநாதன் அண்ணே, கமரா மறஞ்சீக்கி, கண்ணாடியத் தொடைங்கண்டு எழுதீக்கி." அம்மா இறங்கி, சாரித் தலைப்பால் பொட்டைத் துடைத்து, "குறை நினையாதை பிள்ளை" என்று காரிடம் மன்னிப்புக் கேட்டா. அப்பா நிற்பாட்டித் திரும்ப ஸ்டார்ட் பண்ணினார், அவள் வழமையான வசனத்தைச் சொன்னாள். "கேட்டீங்களே, எங்களுக்கு வணக்கம் சொல்லுறாள்" என்று அப்பா பெருமைப்பட, ஷிஹான் நானா, "வணக்கமா? அங்க ஹைவேக்குக் காசு கட்டுற கார்ட் ஒண்டு ஈக்கி, அதப் போடல்லண்டு சொல்லுறா. ஒவ்வொரு நாளும் சொல்லுவாளே?" என்றார். சித்தப்பா, பின்பக்கம் பார்க்கிற சின்னக் கண்ணாடியில் அப்பாவின் இரண்டு கண் மட்டும் எனக்குத் தெரிந்தது. எந்தச் சந்தனத்தாலும் மறைக்கேலாத இரண்டு கமரா.

வீடு வந்தோம். கராஜில் நிற்பாட்டின பிறகும் அவர் இறங்கவில்லை. தன் வலது காலைப் பார்த்தபடி, "எத்தினை செக்பொயின்ற், எத்தினை வெள்ளம், எல்லாத்துக்குள்ளாலையும் என்னைக் கொண்டுவந்த கால். மூண்டு மாசத்திலை லீவு எடுத்திட்டுது" என்றார். பிறகு என்னிடம், "மொழிபெயர்ப்பு வேலை இண்டையோடை முடிஞ்சுது. அவளுக்கு ஒரு பொட்டு வைச்சால் கண் தெரியாது, எனக்குக் கால் மறந்துபோச்சு. இந்த வீட்டிலை ஓடத் தெரிஞ்சவன் ஒருத்தனெண்டாலும் வேணும். ஞாயிறு விடிய எழும்பு." மேலே வந்து பார்த்தால், அம்மா அரிசி வாளியில் இருந்த எல் போர்ட்டைக் கழுவிக் காயவைத்திருக்கிறா.

ஆகையால் என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. ஞாயிறு பின்னேரம் நீங்கள் கோல் எடுக்கேக்கை வாயைத் திறந்து எதிர்காலத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லக்கூடாது. காலநிலையைக் கதையுங்கோ, சித்தியின்ரை முழங்காலைக் கதையுங்கோ. உங்கள் தொழிலுக்கு நான் எதிரி இல்லை. அந்தக் கார்கள் வரட்டும். வந்தாலும் காலி வீதியில் என்ன செய்யும்? ஓட்டோக்காரன் காலை நீட்டிச் சிக்னல் போடுவான், பஸ்காரன் சிக்னலே போடமாட்டான், உங்கள் கார் எல்லாருக்கும் மரியாதையாக வழிவிட்டு வழிவிட்டுப் பம்பலப்பிட்டிக்குப் போய்ச்சேர அதுக்குள் இருக்கிறவருக்குப் பென்சன் வயசு வந்துவிடும். அதையும் திருத்துவியள், உங்களுக்கு மூளை இருக்கு. ஆறுதலாகத் திருத்துங்கோ. அக்காவுக்குக் கிடைத்தளவு ஞாயிறுகள் எனக்கும் கிடைத்த பிறகு வந்தால் போதும்.

தங்கள் கார்கள் ரோட்டில் போகிற மனிதர் எல்லாரையும் கண்டு நிற்கவும், அதேபோலத் தங்கள் அண்ணனும் தன் மகனைக் கண்டுகொள்ளவும் வேண்டி, சித்திக்கு என் வணக்கமும், ஆரணுக்கு என் வயிற்றெரிச்சலும் கூறி முடிக்கும்,

எல் போர்ட் மீட்கப்பெற்ற
தேனுஜன்

பி.கு.: டேட்டா முடிந்தபடியால் வெள்ளிக்கிழமை அனுப்ப முடியவில்லை, நல்லதாய்ப் போச்சு. இன்று ஞாயிறு மத்தியானம். முதல் பாடம் முடிந்தது. மேலே எழுதின எல்லாத்தையும் வெட்டிப்போடுங்கோ. பின்னேரம் கோல் எடுத்தவுடனை, சுகமும் விசாரியாமல் சொல்லுங்கோ: கார் தானே ஓடும், அடுத்த வருஷம், இல்லை, அடுத்த கிழமை! நான் ஸ்டார்ட் பண்ண முந்தியே அப்பா "பிறேக்!" எண்டார். நிக்கிற காருக்கு எப்பிடிப் பிறேக் பிடிக்கிறது? "இடது, இடது! உன்ரை இடதில்லை, என்ரை இடது!" எண்டார், இரண்டு பேரும் ஒரே பக்கம் பாத்துத்தான் இருக்கிறம். நடுரோட்டிலை ஒரு காகம். "ஹோர்ன் அடி" எண்டார், அடிச்சால் "பாவம், ஏனடா வெருட்டுறாய்?" எண்டார். அவள் "டிங்" எண்டால் உடனே, "பாத்தியே, உன்னிலை நம்பிக்கை இல்லையாம்" எண்டு இப்ப அவர் எனக்கு மொழிபெயர்க்கிறார். எனக்கு அவளிலை இருந்த பொறாமை எல்லாம் போச்சு. சித்திரை துடங்கி இந்த மனிசனைச் சுமக்கிறாள், பாவம். ஆரணின்ரை வீடியோவைத் திரும்பப் பாத்தன். காரிலை இருந்து ஓட்டுநரை எடுத்திட்டியள் எண்டு உலகம் புகழுது. பெரிய விசயம் அதில்லை சித்தப்பா, பக்கத்து சீட்டிலை இருந்து அப்பாவை எடுத்திட்டியள்.

பிறகு வாற வழியிலை ஓரமாய் நிப்பாட்டச் சொல்லி மீன் பணிஸ் வாங்கினார். அந்தக் காகம் எங்களைத் திரும்பிப் பாத்த பார்வையை நினைச்சு இரண்டு பேரும் சிரிச்ச சிரிப்பிலை எனக்குப் புரைக்கேறினது. மேலே வந்தால் மெல்பேர்னிலிருந்து அக்கா லைனிலை. "என்னடா அப்பிடிச் சிரிக்கிறியள், என்ன பகிடி?" எண்டு கேட்டா. "அது காருக்குள்ளை நடந்தது, உங்களுக்கு விளங்காது" எண்டன். அவவின்ரை முகத்தை நீங்கள் பாத்திருக்கவேணும். அதாலை சித்தப்பா, பின்னேரம் எடுக்கேக்கை காலநிலையையே கதையுங்கோ.