மேலே போன வழக்கும் அலமாரியில் இருந்த கட்டும்

வேலை செய்யாதவர்களில் பல வகை உண்டு. சோம்பலால் செய்யாதவரை மன்னித்துவிடலாம். பயத்தால் செய்யாதவரைத் தட்டிக்கொடுத்துச் செய்ய வைக்கலாம். சட்டப்படி செய்யாதவர் என்று ஓர் இனம் இருக்கிறது, வாசகரே. அதை ஒன்றும் செய்ய முடியாது. நல்ல மாதிரி ஒன்றைப் பார்க்க ஆசையிருந்தால், விசாரணை நீதிமன்றத்தின் பின்கட்டில், இரும்பு அலமாரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் தலைமை எழுத்தரைப் போய்ப் பாருங்கள். கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'மேலே சார்'.

ஒரு வழக்கில் கொடுத்த தண்டனையை எதிர்த்து யாராவது மேல் நீதிமன்றத்தில் அப்பீல் போட்டுவிட்டால், அவர் முகத்தில் கடைசிப் பெண்ணையும் கரையேற்றிவிட்ட தகப்பனின் நிம்மதி வந்து உட்காரும். அப்பீல் நிலுவையில் இருக்கும்வரை கீழ் நீதிமன்றம் தன் தீர்ப்பை மாற்றி எழுதக் கூடாது. சரியான சட்டம். ஆனால் எழுத்துப் பிழை, எண் பிழை மட்டும் இருந்தால், தீர்ப்பு எழுதிய நீதிமன்றமே அதைத் திருத்திக்கொள்ளலாம் என்பதும் அதே சட்டம்தான். நம்மவர் முதல் பாதியைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டவர்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒருத்தி, வக்கீல் எழுதிக் கொடுத்த மனுவோடு அவர் முன்னால் வந்து நின்றாள். தம்பிக்கு ஒரு வருடத் தண்டனை. தீர்ப்புக்கு முன்பே அவன் சிறையில் கழித்த நாட்களை அதில் கழித்துக்கொள்ள வேண்டும்.

"இருநூத்திப் பதினாலு நாள் உள்ளே இருந்தான் சார். தீர்ப்புல இருபத்திநாலுன்னு அடிச்சிருக்கு. சரியான கணக்குப்படி இன்னும் பதினோரு நாள்ல அவன் வெளியே வரணும். ஜெயில்ல கேட்டா, காகிதத்துல இருக்கிறதுதான் கணக்குங்கறாங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "தப்புதான்மா. பார்த்தாலே தெரியுதே."

"அப்ப மனுவை வாங்கி ஜட்ஜ் ஐயா முன்னாடி வைங்க சார்."

"வெச்சிருப்பேன். நீங்கதான் அப்பீல் போட்டுட்டீங்களே. கேஸ் மேலே இருக்கு."

"மேலேயும் போய்க் கேட்டேன். கேஸ் கட்டு கீழேருந்து வரலியாம். வராம அவங்க எதையும் எடுக்க மாட்டாங்களாம்."

"வரும்மா. பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட வேண்டாமா?"

அவள் பார்வை அவர் தோளைத் தாண்டி அலமாரிக்குள் போய் நின்றது. "உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கே, அது எங்க கேஸ் நம்பர்தானே சார்?"

திரும்பிப் பார்த்தார். மறுக்கவில்லை, பொய் சொல்லும் வழக்கம் அவருக்குக் கிடையாது. "அது கட்டும்மா. கேஸ் மேலே இருக்கு."

உடல் வேறு, உயிர் வேறு என்று தெளிய ஞானிகளுக்கு ஒரு ஆயுள் பிடிக்கிறது. இவருக்கு ஒரு அலமாரி போதுமாயிருந்தது.

அதிகாரமே இல்லாதவர் என்று இரக்கப்பட்டுவிடாதீர்கள். அன்று மாலையே, அதே வழக்கில், தீர்ப்பின் நகல் கேட்டு அவள் முன்பு கொடுத்த விண்ணப்பத்தில் ஒரு ஸ்டாம்ப் குறைவதைக் கண்டுபிடித்து, ஏழு நாளுக்குள் விளக்கம் தரச் சொல்லி அவளுக்கு நோட்டீஸ் எழுதினார். அந்த அதிகாரம் மட்டும் எந்த அப்பீலிலும் மேலே போவதில்லை.

கல் நெஞ்சுக்காரர் என்றும் நினைக்க வேண்டாம். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தத் தம்பியை நினைத்து அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் அனுபவஸ்தர். 'ஏன் தொட்டாய்' என்று கேட்டு மேலிருந்து கடிதம் வரும். 'ஏன் தொடவில்லை' என்று கேட்டு இருபத்தெட்டு வருட சர்வீஸில் ஒரு துண்டுக் காகிதம்கூட வந்ததில்லை. பிறகு எந்தப் பக்கம் சாய்வார், சொல்லுங்கள்?

பதினோரு நாள் போயிற்று. அதன்மேல் நூற்றுத் தொண்ணூறு நாளும் போயிற்று. காகிதம் சொன்ன தேதியில், ஒரு நாள் முன்னேயும் இல்லை பின்னேயும் இல்லை, தம்பி வெளியே வந்தான். பக்க எண்கள் எல்லாம் விழுந்து கட்டு மேலே போய்ச் சேர்ந்த பிறகு, இந்த எண் பிழையைத் திருத்த விசாரணை நீதிமன்றத்துக்குத் தடையே இல்லையே என்று மேல் நீதிமன்றம் இரண்டு வரியில் எழுதி அனுப்பியது. நீதிபதி திருத்திக் கையெழுத்துப் போட எடுத்துக்கொண்ட நேரம், பேனா மூடியைத் திறந்து மூடும் நேரம். அப்போது தம்பி வீட்டுக்கு வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது.

திருத்திய நகலை மேலே சார் அவள் கையிலேயே கொடுத்தார்.

"இதை வெச்சுக்கிட்டு இனிமே நான் என்ன சார் செய்யறது?"

"பத்திரமா வெச்சுக்கோம்மா. இப்பத்தான் கணக்கு சரியாயிருக்கு."

அவள் அதை நான்காக மடித்தாள். அவருக்கு அது நன்றி மாதிரியே பட்டது.

நீதிமன்றத்துப் பின்கட்டில்தான் இந்த இனம் வாழ்கிறது என்று நிம்மதியாக இந்தப் பக்கத்தைப் புரட்டப் போகிறீர்கள். புரட்டுங்கள். போன வாரம் ஒருவர் உங்கள் முன்னால் வந்து நின்றபோது, "எனக்கொண்ணும் ஆட்சேபணை இல்லை, மேலே ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்" என்று அனுப்பிவைத்தீர்களே.

கேட்டீர்களா?