கொடி இருந்த ஃபிளாப்பி

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். எம்பிராய்டரி மெஷினும் சுகம். அங்கே நீங்களும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் இதை எழுதத் துணிந்தேன். மின்னஞ்சலிலேயே எழுதியிருக்கலாம். ஆனால் காகிதத்தை ஒரு பொத்தானை அமுக்கி வெறுமையாக்க முடியாது பாருங்கள், அதனால் காகிதம். இதைக் குத்தலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சென்ற விடுமுறைக்கு வந்திருந்தபோது, எங்கள் தையல் அறை மெஷின் இன்னும் ஃபிளாப்பியில் ஓடுவதைப் பார்த்துச் சிரித்தீர்கள். "என்ன மாமா, இதெல்லாம் செய்யறதையே நிறுத்தியாச்சு. ஒருநாள் பொட்டுனு போயிடும், அப்புறம் என்ன பண்ணுவீங்க?" என்றீர்கள். நியாயமான பேச்சு. சொன்னதோடு நிற்காமல், ஃபிளாப்பி நுழைகிற வாயைக் கழற்றி எறிந்துவிட்டு, பென் டிரைவ் செருகும் பெட்டியை மாட்டினீர்கள். டப்பாவில் இருந்த ஃபிளாப்பிகளை ஒவ்வொன்றாக உங்கள் கம்ப்யூட்டரில் போட்டு, கடையில் வாங்கிய ரோஜா, கிளி, வாத்து, பள்ளிக்கூட பேட்ஜ் என்று தையல் டிசைன்கள் எல்லாவற்றையும் நகத்தளவு பென் டிரைவில் ஏற்றினீர்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை என்று சொல்ல வரவில்லை. மாப்பிள்ளையைப் போய் அப்படிச் சொல்வேனா?

கடைசி ஃபிளாப்பியில்தான் வினை. அதன்மேல் உங்கள் அத்தையின் கையெழுத்தில் 'கொடி' என்று எழுதியிருந்தது. உள்ளே இருப்பது உங்கள் கம்ப்யூட்டருக்குப் புரியவில்லை. ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டது. "காலிதான் போலிருக்கு" என்று சொல்லிச் சரி கொடுத்தீர்கள். நாங்கள் இருவரும் உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தோம். அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். மாப்பிள்ளையே காலி என்கிறார், இல்லை என்றால் அவருக்குச் சங்கடமாகிவிடுமே என்று அவள் நினைத்திருக்கிறாள். உரியவளே பேசாதபோது நான் வாயைக் கொடுப்பானேன் என்று நான் நினைத்தேன். அது கரகரவென்று அழித்து முடிக்கும்வரை இருவரும் மரியாதையாக நின்றோம். முடிந்ததும் அவள் உங்களுக்குக் காப்பி போடப் போனாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எங்கள் இருவருக்கும் அன்று வாய் இல்லை.

அது காலி இல்லை, மாப்பிள்ளை. மெஷின் வாங்கிய புதிதில் அதோடு ஒரு பலகையும் பேனாவும் வந்தன. பலகையில் வரைந்தால் மெஷின் அதைத் தையலாக மாற்றித் தன் சொந்த பாஷையில் ஃபிளாப்பியில் எழுதிக்கொள்ளும். இலையும் மொட்டுமாக ஓடும் அந்தப் பூங்கொடியை அத்தை அதில்தான் வரைந்தாள். பலகை என்றோ பழுதாகிப் போயிற்று. இப்போது அவள் கை நடுங்குகிறது. உங்களுக்குத் தெரியாது, நீங்கள் வந்தால் டம்ளரை நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். ஊசியில் நூல் கோப்பதும் நான்தான். ஆனால் ஃபிளாப்பியைப் போட்டுப் பொத்தானைத் தட்டினால் கொடி மட்டும் பிசிறில்லாமல் வளைந்து வளைந்து ஓடும். அப்போது அவள் நாற்காலியில் உட்கார்ந்து, தன் பழைய கை வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த முகத்தை நான் பார்த்துக்கொண்டிருப்பேன். எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

நீங்கள் ஊருக்குப் போன பிறகு நானும் சும்மா இருக்கவில்லை. ஃபிளாப்பியை கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் அதன் தகர மூடியை இழுத்து இழுத்து விட்டு, "சவுண்டு நல்லாயிருக்கு சார்!" என்று ரசித்தாரே தவிர, போட்டுப் பார்க்க அவரிடம் எதுவும் இல்லை. பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்த ஃபிளாப்பி டிரைவ் அதை விழுங்கிவிட்டுத் திருப்பித் தரவே இல்லை. இடுக்கி போட்டு இழுத்ததில் தகர மூடி மட்டும் என் கையோடு வந்தது. சரி, ஏற்கெனவே கொடி தைத்த தலையணை உறை ஒன்று இருக்கிறதே என்று, அதன்மேல் காகிதத்தை வைத்து நானே வரைந்தேன். அத்தை பார்த்துவிட்டு, "என்னங்க இது, துணி காயப்போடற கயிறா?" என்றாள். பல நாள் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தாள்.

யோசித்துப் பார்க்கிறேன், மாப்பிள்ளை. ஒரு ஃபிளாப்பியில் கொஞ்சம்தான் இடம். ஆகவே எதை வைக்கலாம், எதை விடலாம் என்று யோசித்தோம், பெயர் எழுதி ஒட்டினோம். உங்கள் பென் டிரைவில் எங்கள் மொத்த டப்பாவும் போய் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டது. இடம் பெருகப் பெருக, எது முக்கியம் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. நீங்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. நீங்கள் செய்தது நல்லெண்ணத்தில்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதை இந்த வயதில் மாப்பிள்ளையிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

எனவே, அழிந்ததை மீட்கிற வல்லுநர்கள் இருப்பதாகச் சொல்வீர்களே, அவர்களில் ஒருவரைப் பிடித்து எப்படியாவது அந்தக் கொடியை மீட்டுத் தர வேண்டும். டிரைவின் வயிற்றில் இருக்கும் ஃபிளாப்பியை டிரைவோடு தனிப் பார்சலில் அனுப்புகிறேன். அத்தைக்கு இது தெரிய வேண்டாம்.

இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: தபால்தலை எடுக்க உள்ளே போய் வருவதற்குள் அத்தை இதை முழுவதும் படித்துவிட்டாள். "மாப்பிள்ளைக்கு எழுதற கடுதாசியா இது? எல்லாத்தையும் அடிங்க" என்றாள். அடித்தால் அசிங்கமாக இருக்கும், எனவே மேலே உள்ளதை நீங்கள் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்சலும் வராது. பிறகு அவள் என்னிடமிருந்து பேனாவைப் பிடுங்கி, இந்தக் காகிதத்தின் பின்பக்கத்திலேயே புதிதாக ஒரு கொடி வரைந்திருக்கிறாள். திருப்பிப் பாருங்கள். கோடு ஓர் இடத்திலும் நேராக இல்லை. நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம், ஆனால் முன்பு மூடியதே போதும் என்று, "ரொம்ப நடுங்குதேம்மா" என்று சொல்லிவிட்டேன். அவள் நிமிராமல் சொன்னாள்: "கொடின்னா ஆடத்தாங்க செய்யும்."