மாடியேறிய ஆனயான்கள்

ஒரு கிரேக்க வார்த்தைக்காக வேலையைப் பணயம் வைத்த மனிதர் மைசூர் ராஜ்யத்திலேயே ஒருவர்தான். எங்கள் கல்லூரியில் ரசாயனம் நடத்தினார். பெயர் வேறு. ஊருக்கெல்லாம் அவர் மாடிப்படி மேஷ்ட்ரு.

நான் கொள்ளேகால்காரன். மூன்றாம் வகுப்போடு சரி. அவருடைய லாபில் பாட்டில் கழுவினேன்.

உப்புக் கரைசலில் மின்சாரம் விட்டால் நெகடிவ் துணுக்குகள் ஒரு பக்கம் போகும், பாசிடிவ் துணுக்குகள் எதிர்ப்பக்கம் போகும். நெகடிவுக்கு ஆனயான் என்று பெயர், பாசிடிவுக்குக் கேட்டயான். பையன்கள் வருஷா வருஷம் மாற்றி எழுதினார்கள். மேஷ்ட்ருக்குச் சோறு இறங்காது.

"டேய், சீமையில இதைக் கண்டுபிடிச்ச விஞ்ஞானிக்கே பேர் வைக்கத் தெரியலைடா! கிரேக்கம் படிச்ச சிநேகிதருக்குக் கடுதாசி போட்டு வாங்கின பேரு. 'ஆன'ன்னா மேலே. 'அயான்'னா போறது. மேலே போறதுடா!"

சொல்லி ஏறவில்லை. வகுப்பையே மாடிப்படிக்கு ஓட்டிவந்தார். பாதிப் பேர் கோட்டு முதுகில் சாக்கட்டியால் மைனஸ். நடுப்படியிலிருந்து மேலே ஓட வேண்டும். பிளஸ் போட்டவன் கேட்டயான், கீழே. மேலே பாசிடிவ் கம்பி வேண்டுமே, ஆனோடு? பிளஸ் எழுதிய சிலேட்டை என் கழுத்தில் மாட்டினார்.

"அசையாம நிக்க உன்னை விட்டா ஆள் ஏது?"

பிரின்ஸிபால் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "இன்னொரு தரம் படியில சத்தம் கேட்டா நீர் வீட்டுக்குப் போகலாம்."

மேஷ்ட்ரு ஒரு மாதம் பொறுத்தார். பரீட்சை வந்தது. வகுப்பு மொத்தமும் ஆனயானைக் கீழே அனுப்பியிருந்தது. கல்லூரியைச் சோதிக்க வரும் இன்ஸ்பெக்டரை அழைத்துவரப் பிரின்ஸிபால் ரயில் ஸ்டேஷனுக்குப் போன நாளாகப் பார்த்து, மேஷ்ட்ரு மறுபடி வகுப்பைப் படிக்கு ஓட்டினார். அன்றைக்கென்று ரயில் நேரத்துக்கு வந்தது.

இரண்டு பேரும் நடுப்படிக்கு வரவும், "கரண்ட் விட்டாச்சு! பேகா, பேகா! சீக்கிரம்டா!" என்று மேஷ்ட்ரு கத்தவும் சரியாக இருந்தது. ஒரே புழுதி! ஆனயான்கள் இன்ஸ்பெக்டரை மேலே அள்ளிக்கொண்டு வந்தன. கேட்டயான்கள் பிரின்ஸிபாலை முற்றம் வரை கொண்டுபோய் விட்டன. இன்ஸ்பெக்டரின் ஜரிகைத் தலைப்பாகை என் சிலேட்டில் வந்து மோதியது.

"யாருய்யா நீ?"

"ஆனோடுங்க."

"என்னது?"

"பாசிடிவுங்க. நெகடிவெல்லாம் என்கிட்டத்தான் ஏறி வருமுங்க. அதனாலதான் ஆனயான். கிரேக்கத்துல மேல போறதுன்னு அர்த்தமுங்க."

ஒரு வாரத்துப் பேச்சு அது எனக்கு.

இன்ஸ்பெக்டர் மேஷ்ட்ரு பக்கம் திரும்பினார். "நானும் மேலதான் வந்தேன். அப்போ நான் யார் ஓய்?"

வேலை நூலில் தொங்குகிறது. வேறு ஆளாக இருந்தால் காலில் விழுந்திருப்பான்.

"நெகடிவ்தான் ஸ்வாமி. ஒரு எலெக்ட்ரான் ஜாஸ்தி."

இன்ஸ்பெக்டர் சிரித்தார் பாருங்கள், சுவரைப் பிடித்துக்கொண்டு! கீழே பிரின்ஸிபால், "இன்னிக்கே ராஜினாமா எழுதும்!" என்று கத்தினார்.

இன்ஸ்பெக்டர் கைப்பிடி மேல் குனிந்தார். "கேட்டயான் சும்மா இரும்! இந்த மனுஷர் இங்கேயேதான் இருப்பார்."

எல்லோரும் போனபின் மேஷ்ட்ரு படியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

"உனக்கு நான் பாடமே நடத்தலையேய்யா?"

"காதுல விழுந்ததுங்க."

நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்தேன். பாதி குடித்து, மீதியை அதே டம்ளரில் என்னிடம் நீட்டினார்.